மூன்று சாட்சிகள்

இல்லாத மூன்று மனிதர்களை நான் ஒருமுறை உண்டாக்கினேன். அவர்களுக்குப் பெயர் வைத்தேன், ஆளுக்கோர் ஊர் கொடுத்தேன், ஒரு சொல்லின் பொருளை அவர்கள் வாயில் வைத்தேன். அது வெளிப்பட்ட நாளில், செய்தவன் நான் என்று சொல்லாமல், பழி இன்னொருவர் மேல் போய் விழும்படி ஒரு வாக்கியம் பேசினேன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டிவிட்டேன், சுற்றிவளைத்துப் பேச இனி நேரமில்லை. சுற்றிவளைத்துப் பேசித்தான் கெட்டேன் என்பதும் உண்மை.

என் மேசை இழுப்பறையில் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. அஞ்சலட்டை அளவு, கெட்டித் தாள், ஓரங்கள் பழுத்துவிட்டன. இரண்டிலும் தலைப்பில் இருப்பது ஒரே சொல்: வெசனம். ஒன்று தட்டச்சில், மற்றொன்று கையெழுத்தில். தட்டச்சுச் சீட்டுதான் நான் செய்த குற்றம். மற்றொன்று எப்படி வந்தது என்பது இந்தக் கதையின் முடிவு. வாரத்துக்கு ஒருமுறையாவது இரண்டையும் எடுத்து மேசைமேல் வைக்கிறேன். திரும்ப உள்ளே வைக்கிறேன். எழுந்து நடக்கிறேன். மறுபடி இழுப்பறை சரியாக மூடியிருக்கிறதா என்று வந்து பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் ஓர் அறக்கட்டளை, கொங்கு வட்டாரச் சொற்களுக்கு அகராதி கொண்டுவர முடிவு செய்தது. நான் அப்போது ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்கிய வயது. பதிப்பாசிரியர் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். முகூர்த்த நாட்களில் கீழே ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் அடைத்துக்கொண்டு நிற்கும். கடையின் இன்னொரு தளம் என்று நினைத்துப் படியேறி வரும் பெண்கள், எங்கள் மரப்பெட்டிகளையும் சீட்டுக் கட்டுகளையும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்கள். நான், இரண்டு உதவியாளர்கள், தட்டச்சு செய்ய ஒரு பெண். ஒரு வருடத்துக்குப் பிறகு ஐந்தாவது ஆளாக வந்து சேர்ந்தவர்தான் மணிக்கடைக்காரர்.

வேலைக்கான விதியை வகுத்தவன் நான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சீட்டு. மேலே சொல், அதன் கீழே பொருள், அடுத்து ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம், அடியில் மூன்று கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் அந்தப் பொருளில் அந்தச் சொல்லை ஆளும் ஒருவருடைய பெயரும் ஊரும். மூன்று ஊர், மூன்று ஆள். ஒரு சாட்சி குறைந்தாலும் சீட்டு செல்லாது. பொருளில் ஆள் வாடை அடிக்கக் கூடாது என்று உதவியாளர்களிடம் அடிக்கடி சொல்வேன். எழுதியவன் யார், அவனுக்கு என்ன பிடிக்கும், எங்கே பிறந்தான் என்பது எதுவும் படிப்பவருக்குத் தெரியக் கூடாது. அதுதான் நேர்மை என்று நினைத்தேன். அந்தப் பெட்டிகள் முழுக்க அடித்தது என் வாடைதான் என்பது அப்போது என் மூக்குக்கு எட்டவில்லை. அடங்காப்பிடாரி என்ற சொல்லுக்கு ‘அடக்கமில்லாத பெண்’ என்று எழுதிக் கொடுத்தேன். தட்டச்சுப் பெண் தாளைப் பார்த்துக்கொண்டே, “ஆம்பளைக்கு இது வராதுங்களா சார்?” என்று கேட்டாள். வழக்கு அப்படி என்றேன். யாருடைய வழக்கு என்று அவள் கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிறவள் எப்படிக் கேட்பாள்?

மணிக்கடைக்காரருக்குப் பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. மாட்டுக்குக் கழுத்து மணி, சலங்கை, மூக்கணாங்கயிறு, குதிரைக்குக் கட்டும் குஞ்சம் இவையெல்லாம் அங்கே கிடைக்கும். பரம்பரையாகத் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். வருடத்தில் பாதி நாள் சந்தை சந்தையாகப் போவார். அந்தியூர் ஆடிச் சந்தை அவருக்குப் பெருநாள் மாதிரி. மணிகளின் பெயர் விசாரிக்க ஒரு நாள் அவர் கடைக்குப் போனேன். நான் கையில் கொண்டுபோன பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல பாதி மணி எந்த மாட்டுக் கழுத்துலயும் இல்லீங்களே” என்றார். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். போகிற இடத்திலெல்லாம் சொல் எழுதிக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. அகராதியின் முன்பக்கத்தில் சொல் தொகுத்தவர்கள் என்று அச்சாகும் பட்டியலில் தம் பெயர் வர வேண்டும். மணி விற்கிறவன் வார்த்தை பொறுக்கப் போய்விட்டான் என்று வீட்டில் கேலி செய்கிறார்களாம். அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

அவர் எழுதிக் கொண்டுவந்த பொருள்கள் நீளமானவை. இட்டேரி என்ற சொல்லுக்கு முக்கால் சீட்டு எழுதியிருந்தார். இரண்டு பக்கமும் முள்வேலி, நடுவில் ஒரு வண்டி போகும், எதிரே இன்னொரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், பாரம் இல்லாதவர்தான் போவார், அதில் சண்டை வராது, சண்டை வந்தால் அவர்கள் வெளியூர்க்காரர்கள். நான் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ‘இருபுறமும் வேலி உள்ள குறுகிய வண்டிப் பாதை’ என்று எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “வேலிய வெச்சுப்போட்டீங்க. வண்டியத்தானுங்க காணோம்.” கொழுக்கட்டைப் புல்லுக்கு நான் ‘ஒருவகைப் புல்’ என்று எழுதியபோது, எந்த வகைங்க என்று கேட்டார். பெரிய அகராதிகளிலும் அப்படித்தான் இருக்கும் என்றேன். “அப்ப அவுங்களும் மாடு மேய்ச்சதில்லீங்களா?” என்றார். ‘முதலியன’ என்ற சொல் அவருக்குத் தீராத வேடிக்கை. பண்டிகைகளுக்கு நான் எழுதிய குறிப்பில் எங்கள் பண்டிகைகள் இரண்டைச் சொல்லி முதலியன என்று முடித்திருந்தேன். அவர் அந்தச் சொல்மேல் விரலை வைத்து, “நாங்க இதுக்குள்ளதானுங்களா குடியிருக்கோம்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். இப்போது நினைத்தால் அவர் எங்கள் அளவுக்குச் சிரிக்கவில்லை.

ஒரு வருடம் அவருடன் அந்தியூர்ச் சந்தைக்குப் போனேன். அவினாசி, கோபி வழியாகப் பேருந்து. கோபியைச் சுற்றி வயலும் வாழையுமாக வரும்போது, ஒவ்வொரு ஊரிலும் யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்று சன்னல் வழியே கைநீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். சந்தையில் தரகரும் வாங்குகிறவரும் ஒரு துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதை அங்கேதான் கிட்டே நின்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியாது. பேச்செல்லாம் மழையைப் பற்றி இருக்கும். விரல் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். மணிக்கடைக்காரர் என் காதருகே குனிந்து, “நீங்க பொருள் எழுதறதும் இப்பிடித்தானுங்க. துண்டுக்குள்ள என்ன நடந்துதுன்னு படிக்கறவனுக்குத் தெரியறதில்ல” என்றார்.

அன்று இன்னொன்றும் பார்த்தேன். இரண்டு பேர் ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டு அவர் கடைக்கு வந்தார்கள். மயிலைப் பசு என்று சொல்லி விற்றாராம் ஒருவர். இது வெள்ளை, மயிலை இல்லை என்கிறார் மற்றவர். அந்தச் சந்தையில் பேச்சு முறிந்தால் சாட்சிக்கு இவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவர் மாடு வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. யாருக்கும் சாய வேண்டியதில்லை. மயிலை என்றால் சாம்பல் கலந்த வெண்மை என்று நான் என் அகராதியை மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் பசுவைப் பார்க்கவே இல்லை. விற்றவரைப் பார்த்து, “நீங்க மயிலைன்னு சொல்றப்ப உங்க மனசுல எந்த மாடுங்க நின்னுது?” என்று கேட்டார். அந்த மனிதர் சற்று நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, எங்கப்பன் வைத்திருந்த பசு என்றார். அது இந்த நிறமா என்றார் இவர். இல்லை, அது இன்னும் கருப்பு என்று அவரே ஒப்புக்கொண்டார். அதோடு வழக்கு முடிந்தது. மூன்று பேரும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். நான் மணிகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன்.

அகராதி வேலை கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது, வகர வரிசையில் இந்தச் சொல் வந்து நின்றது. வெசனம். எங்கள் பக்கம் தினமும் காதில் விழும் சொல். வெசனப்படாதீங்க என்பார்கள், வெசனமாக இருக்குது என்பார்கள். நான் ‘துயரம், மனக்கவலை’ என்று எழுதி வைத்திருந்தேன். மணிக்கடைக்காரர் பதினோரு சீட்டுகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பதினொன்றிலும் துயரம் இல்லை. காற்றில் ஒரு தோட்டத்து வாழை முழுவதும் சாய்ந்துபோன ஒரு பெண், அது வெசனமில்லை, நட்டம் என்று சொல்லியிருந்தாள். பதினோரு வருடம் ஏர் இழுத்த எருதை விற்ற ஒருவர், “வித்தது வெசனமில்லீங்க. ஊட்டுக்கு வந்தா கட்டுத்தறியில கவுறு கெடந்துது பாருங்க, அதுதானுங்க” என்று சொல்லியிருந்தார். மற்றவையும் இப்படியே. எல்லாவற்றையும் சேர்த்து அவரே ஒரு பொருள் எழுதியிருந்தார். அது எனக்கு வரிக்கு வரி இன்னும் நினைவிருக்கிறது: ‘வெளியே வேலை நடக்கும், உள்ளே ஒன்று படுத்துக்கிடக்கும். ஆள் சாப்பிடுவான், சிரிப்பான். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். அழுது தீர்த்துவிட்டால் அது வெசனமில்லை.’

இது அகராதியா ஒப்பாரியா என்று கேட்டேன். உதவியாளர்கள் இருவர் முன்னாலும் கேட்டேன். அவர் கோபப்படாமல் பக்கத்திலிருந்த ஒரு பழைய அகராதியை எடுத்தார். துயரத்தைப் பார்த்தார், துக்கம் என்றிருந்தது. துக்கத்தைப் பார்த்தார், வருத்தம் என்றிருந்தது. வருத்தத்தைத் தேடிப் பிடித்தார்; துயரம் என்றிருந்தது. “காந்திபுரத்துல ஏறுனேன், காந்திபுரத்துலயே எறக்கி உட்டுட்டாங்க” என்றார். தட்டச்சுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முப்பது வருடம் தமிழ் படித்தவன், படிப்பித்தவன். ஒரு மணி வியாபாரியின் பதினோரு சீட்டு என் இரண்டு சொல்லைவிடக் கனமாக இருப்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. என் பொருளுக்கு மூன்று சாட்சிகள் வேண்டும், என் விதி. ஒருவர்கூட இல்லை. ஒரு நாள் தட்டச்சுப் பெண் சாப்பிடப் போன நேரத்தில் அவள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து நானே அந்தச் சீட்டை அடித்தேன். சொல், பொருள், நானே புனைந்த ஒரு வாக்கியம். சாட்சிகளாக அந்தியூர், கோபி பக்கத்து ஊர்கள் மூன்றை எழுதினேன். அந்த ஊர்களுக்கு யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? முதல் ஆளுக்கு எங்கள் கல்லூரிக் காவலாளியின் பெயர். இரண்டாவது வாயில் வந்த ஒரு பெயர். மூன்றாவதற்கு ஒன்றும் தோன்றாமல், இறந்துபோன என் மாமனாரின் பெயரை அடித்தேன். மணிக்கடைக்காரரின் பதினோரு சீட்டுகளையும் கட்டி அடிப்பெட்டியில் போட்டேன். கை கழுவிக்கொண்டு சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன். அதையும் சொல்ல வேண்டும்.

அறக்கட்டளை, வேலையைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து ஒரு மேற்பார்வையாளரை வரவழைத்தது. அவருடைய மனைவிக்குக் கோபிசெட்டிபாளையத்தில் உறவு. போகிற வழியில் பார்க்கலாம் என்று, அந்தப் பக்கத்துச் சீட்டுகளில் ஐந்தை உருவி எடுத்துக்கொண்டு போனார். நான்கு சரியாக இருந்தன. அந்த நான்கும் மணிக்கடைக்காரருடையவை. ஐந்தாவது என்னுடையது. மூன்று ஊரிலும் விசாரித்திருக்கிறார். அப்படி யாருமே இல்லை. மூன்று ஊரிலும் இதைப் பற்றிச் சத்தமாகவே பேசியிருக்கிறார். திரும்பி வந்து, எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, சீட்டை மேசைமேல் போட்டு, இதைத் தொகுத்தவர் யார் என்று கேட்டார். அறக்கட்டளைச் செயலாளரும் இருந்தார். மணிக்கடைக்காரர் என் எதிர் நாற்காலியில் இருந்தார்.

நான் சொன்னது இதுதான்: “அந்தியூர், கோபிப் பக்கத்துச் சீட்டுகள் பெரும்பாலும் இவர் கொண்டுவருபவை.”

அதில் பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் வருடக்கணக்காகப் பழகிய வேலையைத்தான் அங்கேயும் செய்தேன்: பொதுவாக, பட்டும் படாமல், எதையும் நேராகத் தொடாமல் ஒரு வாக்கியம் கட்டினேன். பெரும்பாலும் என்ற சொல்லுக்குள் என்னை ஒளித்து வைத்தேன். மணிக்கடைக்காரர் சீட்டை எடுத்துப் பார்த்தார். மூன்று பெயர்களையும் பார்த்தார். கடைசிப் பெயரில் அவர் கண் சற்று நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். “அந்தப் பக்கம் போய்வாரவன் நாந்தானுங்க. அது நெசம்” என்றார். சீட்டை மேசைமேல் திரும்ப வைத்தார். நாளை முதல் வர வேண்டாம் என்று செயலாளர் சொன்னபோது, எழுதுகோலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “அப்ப வாரேனுங்க” என்று எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த ஆடியில் சந்தைக்குப் போய்வந்த உதவியாளர் ஒருவர் நடந்ததைச் சொன்னார். இல்லாத ஆட்களின் பெயரை எழுதிக் கோவையில் சம்பளம் வாங்கினார் என்று பேச்சு பரவிவிட்டதாம். ஒரு தரகர் கடை முன்னால் நின்றுகொண்டு, “பாயி, எம் பேரயும் ஒரு சீட்டுல எழுதிப்போடுங்க. என்ன, நான் நெசமாலுமே இருக்கறேன், பரவால்லீங்களா?” என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். வழக்கு வந்தால் இப்போது தேநீர்க் கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்களாம். உதவியாளர் இதை வேடிக்கையாகச் சொன்னார். நானும் வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டேன். அகராதி வெளிவந்தது. மேடையில் எனக்கு மாலை போட்டார்கள். முன்பக்கத்தில் தொகுத்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வெசனத்துக்குப் பொருள், துயரம், மனக்கவலை.

அதற்குப் பிறகு நகரத்தில் கலவரமும் குண்டுவெடிப்புமாக ஒரு கெட்ட காலம் வந்தது. அவர் இருக்கும் பக்கம் போகாதே என்று எனக்கு நண்பர்கள் சொன்னார்கள். நான் போகவில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று ஓர் ஆளையாவது அனுப்பிக் கேட்டிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. இதை என் கணக்கில் இரண்டாவது குற்றமாகவே வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்று வந்தபோது அலுவலகத் தாள்கள் சில என்னோடு வீட்டுக்கு வந்தன. ஒரு நாள் மனைவி அவற்றை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவள், அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். “ஏனுங்க, எங்கப்பா பேரு இதுல எப்பிடீங்க வந்துது? அவரு அந்தியூர்ப் பக்கம் இருந்ததே இல்லீங்களே.” நான்கு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்பாவின் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அவுங்க ஊட்டுக்குப் போனீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

போகவில்லை. முகம் பார்க்காமல் செய்யக்கூடியதை முதலில் செய்தேன். அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினேன். தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய கவனம் செலுத்தப்படும் என்று பதில் வந்தது. பிறகு சொந்தமாக ஒரு சிறு திருத்தச் சீட்டு அச்சடித்தேன். கோவையிலும் அவினாசியிலும் கோபியிலும் எந்தெந்த நூலகத்தில் அந்த அகராதி இருக்கிறதோ அங்கெல்லாம் பசைப் புட்டியுடன் போய், முன்பக்கத்தில் அதை ஒட்டினேன். ஒரு நூலகர், புத்தகத்தைக் கெடுக்கிறேன் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பதிப்பாசிரியர் நான்தான் என்று நிரூபிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒட்டி முடித்த பிறகுதான் தைரியம் வந்தது. மிஞ்சிய திருத்தச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உக்கடத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

முன்னறை முழுவதும் மணிகள். அவர் தாடி நரைத்திருந்தது. வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி, நான் யார் என்று தெரிந்ததும் உள்ளே போகாமல் கதவோரம் நின்றார். நான் திருத்தச் சீட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ‘சொல் தொகுத்தோர் பட்டியலில் தவறுதலாக விடுபட்ட பெயர்’ என்று போட்டு, கீழே அவர் பெயர். இரண்டு முறை படித்தார்.

“தவறுதலாங்க?” என்றார். “யாரு தவறுதலுங்க?”

பரிகாரம் என்று நினைத்துக்கொண்டு ஊர் ஊராக ஒட்டிய சீட்டிலும் அதே துண்டைத்தான் போர்த்தியிருந்தேன். கதவோரத்திலிருந்து அவர் மனைவி பேசினார். “மணி விக்கறதுல இவரு பொய் சொன்னாருன்னா நானே நம்பியிருப்பனுங்க சார். வார்த்தையில பொய் சொன்னாருன்னு சொன்னாங்க. அத எப்பிடீங்க நம்பறது? மூணு வருசம் எங்கள விட்டுப்போட்டு அதுக்குப் பின்னாலயே சுத்துனவருங்க.” மணிக்கடைக்காரர் அவரை நிறுத்தவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “உங்க மாமனாரு பேர நான் அன்னைக்கே பாத்துட்டனுங்க. உங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகையில இருந்துது. நான் வந்திருந்தனுங்களே, பந்தியில உங்க பக்கத்துலதான் உக்கார வெச்சீங்க.”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நான் சொல்லியிருந்தா, அத மறைக்க நீங்க இன்னொண்ணு சொல்ல வேண்டி வந்திருக்கும். அத நான் கேக்க வேண்டாம்னு பாத்தனுங்க.” சீட்டை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “பேரு போனது புஸ்தகத்துல இல்லீங்க. சந்தையில. சொல்றதா இருந்தா அங்க வந்து சொல்லோணுங்க.”

அந்த ஆடியில் போனேன். அவர் கடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலைந்து தரகர்களும் மாட்டுக்காரர்களும் கூடியிருந்த நேரம் பார்த்து எழுந்தேன். வழியெல்லாம் பேருந்தில் கட்டி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. “அந்தப் பொய்ப் பேரு மூணையும் எழுதுனவன் நான். இவரில்லை. இவரு மேல பழி விழறதப் பாத்துக்கிட்டு நான் வாயத் தொறக்காம இருந்தேன்” என்று சொன்னேன். மேடையில் பேசிப் பழகிய குரல், மாடுகள் கத்துவதற்கு நடுவே பாதிதான் கேட்டிருக்கும். ஒருவர், நீங்க ஆருங்க என்று கேட்டார். சொன்னேன். இன்னொருவர், அதெல்லாம் எப்பவோ மறந்துபோச்சு என்றார். முன்பு கேலி செய்த தரகராக இருக்க வேண்டும். தோளில் இருந்த துண்டை எடுத்து என் முன் ஆட்டி, “இதுக்குள்ள சொல்லியிருந்தீங்கன்னா ஆருக்கும் தெரிஞ்சிருக்காதுங்களே வாத்தியாரே” என்றார். சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது.

பிற்பகலில் இரண்டு பேர் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு வாய்த்தகராறோடு கடையைத் தாண்டினார்கள். மணிக்கடைக்காரர் கையிலிருந்த சலங்கையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நானும் நிமிர்ந்தேன். அவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, தேநீர்க் கடைப் பக்கம் போனார்கள். அவர் மறுபடி சலங்கையை எடுத்துக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “போன பேரு ஒரு நாள்ல வந்துருமுங்களா” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பேருந்து நிலையம் வரை கூட வந்து எனக்குச் சன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான். மூன்று மாதம் கழித்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. எங்கள் பழைய அலுவலகச் சீட்டு ஒன்று மட்டும். முத்து முத்தான எழுத்து. சொல்: வெசனம். எடுத்துக்காட்டு என்ற இடத்தில், சந்தையில் நான் சொன்ன வாக்கியம், ஒரு சொல் மாறாமல். சாட்சிக் கோடுகளில் முதலாவதில் என் பெயர், என் ஊர். மற்ற இரண்டு கோடுகளும் வெறுமை. பொருள் என்ற இடமும் வெறுமை. அவர் அந்தப் பொருளை எழுதத் தெரியாதவர் அல்ல, ஒருமுறை எழுதியவர்தான். அதை நான் அடிப்பெட்டியில் போட்டுவிட்டேன். இந்தமுறை அந்த இடத்தை எனக்கு விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தானா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு அந்தச் சந்துக்குப் போனபோது வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். சந்தையில் மறுபடி அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்களா என்பதும் எனக்குத் தெரியாது. அந்தியூருக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தேன்.

என் விதிப்படி ஒரே ஒரு சாட்சி உள்ள சீட்டு செல்லாது. ஆனாலும் இன்று காலை அதை எடுத்து மேசைமேல் வைத்து, பேனாவைத் திறந்து, பொருள் என்ற இடத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காப்பி ஆறிப்போயிருந்தது. டம்ளரை எடுக்க வந்த மருமகள் நின்று என்னைப் பார்த்தாள்.

“என்னுங்க மாமா, ஒரு மாதிரி இருக்கறீங்க?”

சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

“ஒண்ணுமில்ல கண்ணு” என்றேன்.